ஃப்ரேமில் இடம் கிடைக்காத அண்ணனுக்கு

என் பிரியமான அண்ணே,

நேற்று உன்னைப் பார்க்கப் பதுளை டவுனுக்குப் போயிருந்தேன். பழைய துரை பங்களா ஒன்றை நூதனசாலை ஆக்கி, ராக் பாட்டுக் குழுக்களின் படங்களை மாட்டியிருக்கிறார்கள். உங்கள் குழுவும் இருக்கிறது என்று ஸ்டூடியோ நானா சொல்லி அனுப்பினார். உன்னை மேடையில் வைத்துப் படம் பிடித்தது அவர் ஒருவர்தானே. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

முதல் இரண்டு அறையும் வெள்ளைக்காரர்கள். வேர்த்து வழிய, கிட்டாரைத் தரையில் அடித்து உடைக்கிறார்கள். அதை டவுன் சனம் சாமி படம் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறது.

கடைசிச் சுவரில் உங்கள் குழு. கீழே ‘மலைநாட்டை ஆட்டிவைத்த நால்வர்’ என்று ஓர் அட்டை. நால்வராம். நீங்கள் ஐந்து பேர் என்பது எனக்குத் தெரியாதா? உன் பக்கத்தை அப்படியே கத்தரித்திருக்கிறார்கள். ஓரத்தில் ட்ரம் குச்சியின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

திறந்துவைத்தவர் யார் தெரியுமா? உன்னோடு கிட்டார் வாசித்தாரே, பல் டாக்டர் மகன். முடி கொட்டித் தொப்பை போட்டிருக்கிறார். நாங்கள் சாதி பார்க்காதவர்கள் என்று மைக்கில் முழங்கினார். துரைமார் க்ளப்பில் ஆட்டம் முடிந்ததும் தாங்கள் காரில் ஏறி, உன்னை ட்ரம்மோடு லொறியில் ஏற்றிவிட்டவரும் இவர்தான். அந்த லொறிதான் பெரகல வளைவில் புரண்டு உன்னைப் பலி வாங்கியது. என் அண்ணன் எங்கே என்று நேரே போய்க் கேட்டேன்.

“ஃப்ரேமில இடம் பத்தல, மிஸ்” என்றார்.

படத்தில் அவருடைய கிட்டாரின் கழுத்து நுனிவரை முழுசாக இருந்தது அண்ணே. அதற்கு மட்டும் இடம் பத்தியிருக்கிறது. இந்த மனிதர்களை நினைத்தாலே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அதே சூட்டோடு ஸ்டூடியோவுக்குப் போய், வெட்டிக் கொடுக்க எப்படி மனசு வந்தது என்று நானாமேல் பாய்ந்தேன். தான் முழுப் படம்தான் கொடுத்ததாகச் சொன்னார். பிறகு மேசையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“தங்கச்சி, ஒங்க ஊட்ல மாலை போட்டிருக்கிற படமும் இதுலருந்து எடுத்ததுதானே? ட்ரம் வேணாம், குச்சி வேணாம், கோட்டு வரைஞ்சு குடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன். நீ போன மறு வருஷம் என்னைப் பெண் பார்க்க வெலிமடையிலிருந்து வந்தார்கள். நம் அப்பா தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் கூப்பிடத் தப்படித்தவர். மகனும் கொட்டுக்காரன் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்களோ என்று பயம். நீ வாழ்நாளில் போடாத கோட்டை மாட்டி, நீ கிளார்க்கு வேலை பார்த்ததாகச் சொன்னேன். நம்பினார்கள், கல்யாணமும் நடந்தது. பல் டாக்டர் மகனாவது குச்சியின் நுனியை விட்டுவைத்தான். நான் அதையும் அழித்தேன். அவனைப் பார்த்துத் துப்ப எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

முழுப் படத்தைப் பெரிசாகக் கழுவித் தரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு. ஒன்று நூதனசாலைக்கு. செல்வராசு என்று உன் பெயரை எழுதி மாட்டும்வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். இன்னொன்று வீட்டுக்கு. கையில் என்ன குச்சி என்று மாமியார் கேட்பார்கள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்வேன். இது சத்தியம் அண்ணே.

இப்படிக்கு,
தப்படிக்கிற முனியாண்டியின் மகள்,
உன் தங்கச்சி