வெள்ளையாகவே இருந்த ஃபில்டர்

காவ்சியூங், மார்ச் 4

யீடிங் அப்பாவுக்கு,

சமையலறையில் இருந்த பழைய ஆர்.ஓ. மெஷினைக் கழற்றிப் புதுசு மாட்டிவிட்டேன். வாசல் பூட்டும் புதுசுதான். ஃபில்டர் மாற்ற வருவதற்கென்று நீங்கள் வைத்திருக்கும் சாவி இனி எதையும் திறக்காது. நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆறு வருஷமாகப் பிரிந்து தனியாக இருக்கிறவருக்கு வீட்டுச் சாவி எதற்கு என்று சந்தையில் கேட்டபோதெல்லாம், "அந்த ஆளு வரலைன்னா இந்த ஊர்க் குழாய்த் தண்ணிய யாரு குடிக்கறது?" என்று நானே உங்களுக்காகப் பேசினேன். இனிப் பேச வேண்டாம். புது மெஷினில் தொட்டி கிடையாது. ஃபில்டரைத் திருகினால் கையோடு வருகிறது. சைக்கிளில் காய்ந்த இறால் விற்றுக் கடை போட்டவளுக்கு இது ஒரு வேலையா?

இருமலுக்குப் பேரிக்காய் அவித்துச் சாப்பிடுங்கள்.

லீசூ

மார்ச் 9

அன்புள்ள லீசூ,

உன் கடிதம் கிடைக்கும் முன்பே சனிக்கிழமை வந்து, சாவி சேராமல் வாசலில் நின்றேன். எதிர்வீட்டு அம்மா, "என்ன அண்ணே, வீட்டுக்காரி வெளியவே நிறுத்திட்டாளா?" என்று சிரித்தாள். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கப்பல் பட்டறையில் பம்ப் பார்த்தவன் சொல்கிறேன். தொட்டி இல்லாத மெஷின், கரண்ட் போனால் சொட்டுக்கூடத் தராது. புயலில் என்ன குடிப்பாய்? ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாவிட்டால் உள்ளே தண்ணீரை வடிக்கும் மெம்பரேன் பாழ். பழைய மெஷினை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று உனக்கே தெரியும்.

ஜின்ஃபா

மார்ச் 13

யீடிங் அப்பாவுக்கு,

தெரியும். இப்போதுதான் தெரியும்.

புதுசு மாட்ட வந்த பெண், பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, "யாரு அக்கா இத மாத்துறது? இன்னும் நாலு மாசம் ஓடுமே" என்றாள். நம் தண்ணீருக்கு அது சோயா சாஸ் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். டோஃபு மாதிரி வெள்ளையாக இருந்தது. கழற்றியதையெல்லாம் பையில் போட்டு எடுத்துப் போய்விடுவீர்கள். ஒருநாளும் நான் பார்த்ததில்லை. இறாலை முகர்ந்தே எந்த மாசத்துச் சரக்கு என்று சொல்லும் நான், என் வீட்டிலேயே ஏமாந்திருக்கிறேன்.

மாற்ற வேண்டாததை மாற்ற வந்து மீன் உருண்டை சூப் குடித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். உன்னைப் பார்க்க வந்தேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டை விட்டுப் போன அன்றும் வாயைத் திறக்கவில்லை. ஃபில்டருக்குப் பின்னால் ஒளிகிறவருக்கு என் வீட்டில் சாவி கிடையாது. நம் பிள்ளை யீடிங்கே வந்து கெஞ்சினாலும் கிடையாது. புயலுக்கு முன்னால் பாத்திரங்களில் தண்ணீர் பிடித்துவைக்க எனக்குத் தெரியும்.

வருவதானால் ஞாயிறு மதியம் பெல் அடியுங்கள். எதற்கு வந்தீர்கள் என்று எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அப்புறம்தான் கதவு.

லீசூ

மார்ச் 17

அன்புள்ள லீசூ,

பழைய சாவியை இந்தக் கடித உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பெல் அடிக்கிறேன். சொல்லவும் சொல்கிறேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமா?

ஜின்ஃபா

மார்ச் 20

யீடிங் அப்பாவுக்கு,

முடியாது. உரக்கத்தான்.

ஞாயிறு மதியம், கருவிப் பை இல்லாமல். மெஷின் என் பொறுப்பு, சூப்பும் என் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது நீங்கள்.

லீசூ