ஆணியில் மிஞ்சிய மெட்டி முடிச்சு

சண்டை பிடிக்க ஆளில்லாமல் என்னைத் தவிக்க விட்டுப் போன என் பேச்சி மதினிக்கு,

முதலில் நல்ல சேதி. உங்கள் மகள் செல்லத்தாய்க்குப் போன மாதம் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை நம் நாரணாபுரம்தான், சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்க்கிறார். குணமான பையன். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் வாய் திறக்க மாட்டார் போலிருக்கிறது. அண்ணன் தாலி ஏறுகிற வரை கல்லாக நின்றார், பிறகு துண்டை வாயில் பொத்திக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போய்விட்டார். தாய் இடத்தில் நான் நின்றேன். நிற்க வேண்டியவர் எங்கே மதினி?

அம்மி மிதித்து மெட்டி போடும்போது என் பார்வை செல்லத்தாயின் காலைவிட்டு நகரவில்லை. உங்கள் கால்தான், அதே நீளமான இரண்டாம் விரல். எல்லாரும் குலவை போட்டார்கள். எனக்கு மட்டும் ஒரே நினைப்புதான். திங்கட்கிழமை இந்தக் காலோடுதான் பிள்ளை பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டும். நீங்கள் வேலை பார்த்த அதே கம்பெனிக்கு.

நீங்கள் சாத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது நினைவிருக்கிறதா? நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்துவிட்டு அந்தக் கம்பெனியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபில் ஒட்டப் போய்க்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பட்டாசில் வெடிமருந்து செலுத்தும் ரூமில் வேலை கிடைத்தது. கூலி கூடுதல், பயமும் கூடுதல். அந்த ரூமுக்குள் இரும்போ வெள்ளியோ எந்த உலோகமும் வரக் கூடாது, உராய்ந்தால் பொறி பறக்கும் என்று போர்மேன் தினமும் தொண்டை கிழியக் கத்துவார். பெண்கள் தலையை ஆட்டுவார்கள். கொண்டை ஊசியை எடுத்து வைப்பார்கள், வளையலைக் கழற்றுவார்கள். மெட்டியை மட்டும் கழற்ற மாட்டார்கள். தாலிக் கயிற்றில் கோத்த ஊக்குகளை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விடுவார்கள். தாலியையும் மெட்டியையும் தொட்டு எந்த ஆம்பளை சோதனை போட முடியும்? புருசன் உயிரோடிருக்கும்போது மெட்டி கழற்றினால் அவனுக்கு ஆகாது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு.

நீங்கள் ஒருநாள் கம்பெனி வாசலில் உட்கார்ந்து, இரண்டு மெட்டியையும் கழற்றி, பழைய சேலைக் கிழிசலில் முடிந்து, காவல்காரர் கொட்டகைத் தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனீர்கள். தாலிக் கயிற்றில் ஒரு ஊக்குகூட இல்லை. சாயங்காலம் வெளியே வந்ததும் முதல் வேலையாக மெட்டியைப் போட்டுக்கொண்டீர்கள். அவ்வளவுதான் நீங்கள் செய்தது. அதற்கு ஊர் என்ன பேச்சுப் பேசியது! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஊரை விடுங்கள். எங்கள் அம்மா பேசியதுதான் உங்களைச் சுட்டிருக்கும். உங்களைப் பார்த்துப் பேசாமல், அடுப்பைப் பார்த்துப் பேசுவாள். சோறு போடும்போது உங்கள் தட்டில் மட்டும் கரண்டி சத்தமாக விழும். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எம் மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவன் இருக்கையிலேயே நீ எதுக்குடி மெட்டியைக் கழட்டுதெ?"

நீங்கள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்: "சாயங்காலம் திரும்ப வந்து போடணும்ல அத்தை. அதுக்குத்தான் கழட்டுறேன்."

அம்மாவுக்குக் கோபம் இன்னும் கூடியது. பிறகு பட்டாசுத் திரி விஷயம் வேறு வந்தது. சீசன் நேரத்தில் தெருவே வீட்டுக்குத் திரி வேலை வாங்கி வந்து செய்யும். அம்மாவும் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அடுப்பு, கட்டிலின் மேல் தூங்கும் செல்லத்தாய். நீங்கள் அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போய்க் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அப்புறம் கொஞ்ச காலம் வீட்டில் மாமியாரும் மருமகளும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டீர்கள். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் கம்பெனியில் நடந்தது வேறு. மாதங்கள் போகப் போக ஆணியில் முடிச்சுகள் கூடின. முதலில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி, பிறகு அவள் தங்கச்சி, பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர். ஆணி போதாமல் தூணைச் சுற்றிலும் காவல்காரர் ஆணி அடித்தார். சிவப்புக் கிழிசல், பச்சைக் கிழிசல், கட்டம் போட்ட கிழிசல் என்று அவரவருக்கு ஒரு நிறம். உங்களுடையது மஞ்சள். ரூமுக்குள்ளும் நீங்கள் ஒரு ஒழுங்கு வைத்தீர்கள். வாசலை மறித்து யாரும் தட்டு வைக்கக் கூடாது. புதுசாக வந்தவர்களுக்கும் மாசமாக இருப்பவர்களுக்கும் வாசல் பக்கம் இடம். மருந்துத் தட்டு சுவர் ஓரம், உங்கள் பக்கத்தில், நீங்கள் மட்டும் தொடுகிற மாதிரி.

ஆயுள் இன்சூரன்ஸ் பாலிசி போட்டதும் நீங்கள்தான். விருதுநகரிலிருந்து ஒரு ஏஜெண்டு சைக்கிளில் வருவார். தெருவில் எல்லாரும் அவரை எமன் வீட்டுக் கணக்கப்பிள்ளை மாதிரி பார்த்துக் கதவைச் சாத்துவார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு விலை பேச வந்தாயா என்று அம்மா விளக்குமாற்றைத் தூக்கினாள். நீங்கள் அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, எல்லாம் விளங்கும்வரை கேட்டீர்கள். கேட்டுவிட்டு அண்ணன் பேரில் பாலிசி போட்டீர்கள். தவணை உங்கள் கூலியிலிருந்து போயிற்று.

இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை மதினி. அண்ணன் விருதுநகர் பேட்டையில் மிளகாய் வத்தல் மூட்டை தூக்குகிறவர். மிஞ்சிப் போனால் தும்மல் வரும், முதுகு பிடிக்கும். நீங்கள் வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர். பாலிசி யார் பேரில் இருந்திருக்க வேண்டும்? ஆம்பளைதான் சம்பாதிக்கிறவன், அவனுக்கு ஒன்று ஆனால்தான் குடும்பம் சாயும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஏஜெண்டும் அப்படியே நினைத்தார். எல்லாவற்றையும் முன்கூட்டி யோசிக்கிற உங்களுக்குக்கூட உங்களைப் பற்றி அந்த யோசனை வரவில்லையா? வந்தும் கேட்காமல் விட்டீர்களா?

அந்த நாளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். தீபாவளி ஆர்டருக்கு ஓட்டமாக ஓடிய நேரம், நல்ல வெயில். லேபில் கொட்டகையில் இருந்த எங்களுக்குச் சத்தம் கேட்டது, பிறகு புகை. எதனால் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வெயில் சூடு என்றார் ஒருவர், மருந்துக் கலவை என்றார் ஒருவர். வாசல் மறிப்பில்லாமல் கிடந்ததால் உங்கள் ரூமில் இருந்த பெண்கள் எல்லாரும் முடி கருகி, சேலை கருகி, உயிரோடு வெளியே வந்து விழுந்தார்கள். மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் மட்டும் வரவில்லை.

அண்ணன் வத்தல் நெடியோடு வந்து நின்றார். உங்களைத் துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். சுமங்கலியை மெட்டியோடு அனுப்ப வழியில்லை. சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, அழுதுகொண்டே அவரவர் முடிச்சை எடுத்து மெட்டியைப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களின் முடிச்சுகளை அவர்கள் வீட்டார் வந்து எடுத்துப் போனார்கள். தூணில் மஞ்சள் முடிச்சு ஒன்று மட்டும் மிஞ்சியது. நான் அதை எடுத்து வந்தேன். அம்மா என் கையிலிருந்து வாங்கினாள். அவிழ்க்கவில்லை. தன் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்ல வேண்டும். கம்பெனியில் கொடுத்தது காரியத்துக்கும் பழைய கடனுக்கும் போயிற்று. உங்கள் கூலி நின்றதும் தவணை நின்றது. தவணை நின்றதும் பாலிசியும் செத்துப்போனது. செல்லத்தாய் பள்ளிக்கூடத்தை விட்டாள். முதலில் தீப்பெட்டி ஒட்டினாள், பிறகு நம் கம்பெனிக்கு வந்தாள். எவ்வளவு தடுத்தும் கூலி கூடுதல் என்று மருந்து ரூமுக்கே போய்விட்டாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னிப் பிள்ளையாக இருந்தவரை மெட்டிப் பிரச்சினை இல்லை.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் பிறகு பிரச்சினை வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்தி, கெட்டவள் இல்லை. புருசனை இளவயதில் பறிகொடுத்து ஒற்றை மகனை ஆளாக்கியவள். அதனாலேயே பயந்தவள். மெட்டியைக் கழற்றிவிட்டு என் மகனோடு வாழ வேண்டாம், கழற்றுகிற அன்றைக்கு இந்த வாசற்படியை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேலையை விட்டுவிடலாம் என்றால் அதற்கும் அவர்கள் வீட்டில் வசதியில்லை. மாப்பிள்ளை வழக்கம்போல் வாய் திறக்கவில்லை.

செல்லத்தாய் என்னிடம் வந்து நின்றாள். "போட்டுக்கிட்டே உள்ள போயிரட்டுமா அத்தை? துணியைச் சுத்திக்கிட்டா தெரியாது." உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை வாயிலிருந்து இந்தப் பேச்சு.

நான் சம்பந்தி வீட்டுக்குச் சண்டைக்குக் கிளம்பினேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். போயிருந்தால் இருந்ததும் கெட்டிருக்கும். அம்மா என்னைத் தடுத்தாள். "நீ இரு. உன் வாயால இது தீராது" என்று சொல்லிவிட்டு, தகரப் பெட்டியைத் திறந்து உங்கள் மஞ்சள் முடிச்சை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். இப்போது அம்மாவுக்குச் சரியாக நடக்க முடியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சம்பந்தி கட்டிலில் உட்காரச் சொன்னாள். அம்மா தரையிலேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். நீங்கள் போன பிறகு இத்தனை வருடத்தில் முதல் முறையாக உங்கள் மெட்டியைப் பார்த்தேன். கருத்துப்போயிருந்தது.

"இது எம் மருமக மெட்டி, தாயி. இதைக் கழட்டுனா எம் மகனுக்கு ஆகாதுன்னு ஊரெல்லாம் சொன்னவ நான்தான். எம் மகன் இன்னைக்கும் குத்துக்கல்லாட்டம் இருக்கான். போனது அவதான்." அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அன்னைக்கு அந்த ரூமுல இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரு மெட்டியும் திரும்ப அவுக அவுக காலுக்குப் போயிருச்சு. இது மட்டுந்தான் எங்கிட்ட இருக்கு. இன்னொண்ணு வச்சுக்கிட எம் பெட்டியில இடமில்ல."

சம்பந்தி அந்த மெட்டியையே பார்த்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அம்மா திரும்ப முடிந்துகொண்டாள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். வழியெல்லாம் அம்மா அழுதாள் மதினி. உங்களுக்காக அவள் சத்தம் போட்டு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலையில் நான் முன்னதாகவே கம்பெனி வாசலுக்குப் போய்விட்டேன். செல்லத்தாய் வந்தாள். அவளுக்குப் பின்னால் சம்பந்தி வந்தாள். தூணைப் பார்த்தாள், தொங்கிய முடிச்சுகளைப் பார்த்தாள். "ஆணியிலெல்லாம் மாட்ட வேண்டாம். எங் கையில கழட்டிக் குடு" என்றாள். பிள்ளை கழற்றிக் கொடுத்ததும் வாங்கி, கண்ணில் ஒற்றி, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகை நிழலில் சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்த பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்துத் தானே மாட்டிவிட்டாள். இப்போது தினமும் காலையில் வந்து வாங்கிப் போகிறாள், சாயங்காலம் வந்து மாட்டிவிடுகிறாள்.

பாலிசி விஷயமும் பேசிவிட்டோம். அதே ஏஜெண்டு, தலை நரைத்துவிட்டது, சைக்கிள் மட்டும் மாறவில்லை. மாப்பிள்ளைக்குப் போடுவோம் என்றார். பிள்ளை பேரிலும் போட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். பட்டாசு வேலைக்காரப் பெண்ணுக்குக் கொடுப்பார்களா தெரியாது, வேலை ஆபத்தானது பாருங்கள் என்று ஏஜெண்டு இழுத்தார். அதிகம் பேசாத அண்ணன் அன்று பேசினார். "ஆபத்துன்னு தெரிஞ்சுதானய்யா கேக்கோம்." ஏஜெண்டு மேலாபீஸுக்கு எழுதிக் கேட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கேட்பதை விட மாட்டோம், அது மட்டும் தெரியும்.

மதினி, நான் இன்னும் லேபில் கொட்டகையில்தான் இருக்கிறேன். சங்கு ஊதியதும் முதல் ஆளாக வீட்டுக்கு ஓடுகிறவள் என்று என்னைக் கேலி செய்வீர்களே, இப்போது அப்படி இல்லை. எல்லாரும் போகும்வரை தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சிவப்பு போகும், பச்சை போகும், சம்பந்தியின் கையும் வெறுங்கையாகும். கடைசி முடிச்சும் அதற்குரிய காலுக்குப் போய், ஆணிகள் எல்லாம் காலியாகக் கிடப்பதைப் பார்க்காமல், நான் இருக்கும்வரை, அந்த வாசலைவிட்டு ஒரு எட்டு நகர மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் பெறாத பிள்ளையாக உங்கள் கையால் சோறு தின்ற வாயாடி நாத்தனார்,
சுப்புத்தாய்
நாரணாபுரம்