குட்டிக்குப் போட்ட மஞ்சள் சுவெட்டர்

டிசம்பர் 10, செவ்வாய்

விடிய முன்னரே மழை. கிணற்றுத் தண்ணீர் கையால் அள்ளும் உயரத்துக்கு வந்துவிட்டது. இவர் வெங்காயத் தோட்டத் தறையைப் பார்க்கப் போய்ச் சேற்றுக் காலோடு திரும்பினார். "பாதி அழுகிப்போச்சு" என்றார்.

செய்ய வேண்டியவை: ஆட்டுக் கொட்டிலின் கூரைத் தறப்பாளை இழுத்துக் கட்டுவது. பத்தாம் ஆண்டு விஞ்ஞான விடைத்தாள்கள், இன்னும் ஒரு கட்டு. அரைக்கக் கொடுத்த மிளகாய்த்தூள் எடுப்பது. சிந்துவோடு கதைப்பது.

சிந்துவுக்கு ஏழாம் மாதம். பிரஷர் இறங்கவில்லையாம். கட்டிலை விட்டு எழும்பக்கூடாது என்றிருக்கிறார்கள். மருமகன் வேலைக்குப் போனால் அந்த நாட்டில் அந்த வீட்டில் அவள் தனிய. எனக்குக் கனடா விசா இல்லை என்றுவிட்டார்கள். காரணம், போனால் நான் திரும்பி வரமாட்டேனாம். இவர், ஆடு, நாய், ஒரு கட்டு விடைத்தாள், இவ்வளவையும் விட்டுவிட்டு.

போன வருடம் அவளுக்கு நான்காம் மாதத்தில் ஒன்று வயிற்றிலேயே போனது. அதனால் இம்முறை அவளே சொல்லிவிட்டாள். "அம்மா, ஒண்டும் வாங்காதேங்கோ. ஒண்டும் தைக்காதேங்கோ. முதல்லை பிறக்கட்டும்." ஓம் என்றேன். அதே கிழமை யாழ்ப்பாணம் போய் மஞ்சள் கம்பளி நூல் வாங்கினேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. கை சும்மா இருந்தால் நினைப்பு கண்டபடி ஓடுகிறது. பயிற்சிக் கலாசாலையில் பழகிய பின்னல். இத்தனை காலம் ஊசியைத் தொடவில்லை, ஆனால் கை மறக்கவில்லை.

சின்னச் சுவெட்டர். ஒரு கை மட்டும் மிச்சம். அலுமாரியில் சேலைகளுக்குள் இருக்கிறது. இவருக்கும் தெரியாது.

டிசம்பர் 13, வெள்ளி

மழை விட்டு வாடைக்காற்று. எங்கள் ஆடு ராணி குழை தின்னவில்லை. மடி இறங்கிவிட்டது. இதுதான் அதற்கு முதல் ஈற்று. நிற்பதும் படுப்பதும், சுவரில் தேய்ப்பதும். நாய் ஜிம்மி கொட்டில் வாசலில் காவல், ஏதோ தனக்குத்தான் பொறுப்பு என்பது போல.

பின்னேரம் மச்சாள், இவருடைய அக்கா, மதில் இடைவெளியால் வந்தார். எங்கள் வீட்டில் அவருக்குக் கதவு தேவையில்லை. நான் ஊசியை மடிக்குள் மறைக்க முன்னர் கண்டுவிட்டார்.

"இது ஆருக்கு?"

"சும்மா."

"சும்மாவோ? இந்தக் கை நீளத்துக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? பூனைக்கோ?"

பக்கத்தில் இருந்து நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக: "ரஞ்சி, நீ படிச்சனீ. உனக்கு நான் சொல்லேலாது. ஆனால் பிறக்காத பிள்ளைக்கு உடுப்புத் தைக்கிறேல்லை. போனமுறை அந்தப் பிள்ளை பட்டது காணாதே?"

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். மூடநம்பிக்கை பற்றிப் பிள்ளைகளுக்கு ஒப்படை கொடுத்தவள். மச்சாள் போன பிறகு மிச்சக் கையை முடித்துவிட்டேன். ஆனால் அதைத் திரும்ப அந்த அலுமாரிக்குள் வைக்கப் பயமாக இருந்தது. விடைத்தாள் கட்டுக்கு அடியில் வைத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

ராணி காலையில் குட்டி போட்டது. ஒன்றுதான். கபிலம், நெற்றியில் வெள்ளை. மிகச் சின்னன். நக்கவில்லை, கிட்ட விடவில்லை. மடியில் வாய் வைக்கப் போனால் காலால் உதைக்கிறது. இவர் ராணியைப் பிடித்துக்கொள்ள நான் ஈன்றதும் சுரக்கும் கடும்புப்பாலைக் கறந்து சூப்பிப் போத்தலில் பருக்கினேன். பாதி வாயால் வழிந்தது.

மிருக வைத்தியர் போனில்: "குட்டியைச் சூடாய் வைச்சிருங்கோ ரீச்சர். இந்தக் காத்துக்கு நிக்காது."

சாக்கெல்லாம் ஈரம். பழைய துவாயால் சுற்றினாலும் நடுக்கம் நிற்கவில்லை. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. சுவெட்டரைக் கொண்டுவந்து குட்டிக்குப் போட்டேன். முன்கால்கள் இரண்டும் கைகளுக்குள், அளவெடுத்துப் பின்னியது போல.

உண்மையை எழுதினால்: குளிருக்காக மட்டும் போடவில்லை. குட்டி சுவெட்டரைப் போட்டுக்கொண்டால், அது குட்டிக்குப் பின்னியது என்றாகிவிடும். பிறக்காத பிள்ளைக்குப் பின்னியது என்று இருக்காது. பிழை நேராகிவிடும். என் தலைக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடும் என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அறிந்தால்.

குட்டி நடுக்கம் நின்று நித்திரையானது. இவர் சிரித்தார். கனநாளைக்குப் பிறகு. போனை எடுத்துப் படம் பிடித்தார்.

விடைத்தாளில் ஒருத்தி: "பாலூட்டிகள் தம் குட்டிகளைக் கைவிடுவதில்லை." கேள்விக்குத் தொடர்பில்லை. புள்ளி போடவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

இவர் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். கீழே எழுதியது: "எங்கள் வீட்டுப் புது வரவு." மூன்று பூக்கள். லண்டனில் இருக்கும் சித்தப்பா கண்ணாடி போடாமல் பார்த்திருக்க வேண்டும். "வாழ்த்துகள் சிந்து, சுகப்பிரசவமோ?" என்று கேட்டிருக்கிறார்.

சிந்து உடனே போன் எடுத்தாள். வணக்கம் கிணக்கம் ஒன்றுமில்லை.

"அம்மா, அது ஆருக்குப் பின்னினது?"

"குட்டிக்கு, பிள்ளை. சரியான குளிர்."

"குட்டி நேற்றுத்தானே பிறந்தது. ஒரு நாளிலை பின்னி முடிச்சீங்களோ?"

விடைத்தாள் கட்டை மேசையில் நேராக்கினேன்.

"நான் வேண்டாம் எண்டு சொல்லியும் பின்னியிருக்கிறீங்கள். சரி. அதை ஏன் ஆட்டுக்குப் போட்டீங்கள்? இதுவும் நிக்காது எண்டு நினைச்சிட்டீங்கள். என்ன? இனித் தேவைப்படாது எண்டு."

"ஐயோ இல்லை சிந்து, நான்..."

வைத்துவிட்டாள். குழுவை விட்டும் விலகிவிட்டாள். நான் என்ன கணக்கோடு செய்தேன் என்று அவளுக்குச் சொல்ல முடியாது. சொன்னால் இன்னும் மோசமாகக் கேட்கும்.

டிசம்பர் 18, புதன்

இரண்டு நாளாகச் சிந்து எடுக்கவில்லை. நான் எடுத்தால் மணி அடித்து ஓய்கிறது. மருமகனிடம் கேட்டேன். "அவ ஓய்வெடுக்கிறா மாமி" என்று ஒரு செய்தி.

இவர் படத்தை அழித்துவிட்டார். முகம் கறுத்துப்போய்க் கிணற்றடியில் இருந்தார். "நான் நல்லதுக்குத்தானே போட்டனான்" என்றார், ஜிம்மியிடம்.

மச்சாள் பிள்ளையார் பெருங்கதைக்கு விரதம் தொடங்கிவிட்டார். யாருக்காக என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கோயிலால் வந்து திருநீற்றை எனக்குப் பூசிவிட்டு, குட்டிக்கும் பூசினார். அது தும்மியது.

குட்டி போத்தலைக் கண்டால் ஓடி வருகிறது. சுவெட்டரில் பால் மணம், சாணி மணம், ஒரு கையில் நூல் அவிழத் தொடங்கிவிட்டது. மிளகாய்த்தூள் எடுக்க மறந்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

காலையில் சிந்து. படமில்லாமல், குரல் மட்டும்.

"குட்டி எப்பிடி?"

எதிர்பார்க்கவில்லை. "நல்லாய்க் குடிக்குது. துள்ளுது" என்றேன்.

"தாய் சேர்க்குதோ?"

"இல்லை. நான்தான் பருக்கிறன்."

பிறகு: "அதைக் கவனமாய்ப் பாருங்கோ அம்மா. சுவெட்டரைக் கழட்டாதேங்கோ."

அவ்வளவுதான். கோபம் போய்விட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். முற்றம் கூட்டும்போதுதான் விளங்கியது. அவளும் முடிச்சுப் போட்டுவிட்டாள். குட்டி நின்றால் வயிற்றில் இருப்பதும் நிற்கும். தாய் பட்டதாரி, மகள் கணக்காளர். இருவரும் சேர்ந்து ஓர் ஆட்டுக்குட்டியின் முதுகில் எதை ஏற்றி வைத்திருக்கிறோம்?

டிசம்பர் 22, ஞாயிறு

குட்டிக்கு வயிற்றோட்டம். போத்தலைத் தள்ளுகிறது. வைத்தியர் வந்து ஊசி போட்டார். "தாய்ப்பால் சரியாய்க் கிடைக்காத குட்டி. பாப்பம்" என்றார். அந்தப் பாப்பம் எனக்குப் பிடிக்கவில்லை.

சிந்துவிடம் நல்லாய் இருக்கு என்றேன்.

இவர் குட்டியைக் குசினிக்குள் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். பூனை தன் இடத்தை விட்டுக்கொடுத்தது, இல்லை, விட்டுக்கொடுக்கவில்லை, பக்கத்தில் சுருண்டு படுத்தது.

டிசம்பர் 23, திங்கள்

செத்துவிட்டது. காலையில் தண்ணீர் சுட வைக்கப் போனபோது விறைத்திருந்தது.

நான் முகம் கழுவிக்கொண்டு வர முன்னர் இவர் கொண்டுபோய் வேலியோரம் தாட்டுவிட்டார்.

"சுவெட்டர்?"

"அதோடைதான். கழட்ட மனம் வரேல்லை."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பிள்ளையின் உடுப்பை மண்ணுக்குள் வைத்துவிட்டீர்கள் என்று. பிள்ளைக்குப் பின்னியது என்று நானே ஒப்புக்கொண்டேன், ஊர் கேட்க. இவர் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். "தோண்டி எடுக்கட்டே?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் எடுத்தே விடுவார் போல.

மச்சாள் மதிலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். வந்து என் கையைப் பிடித்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"விடு ரஞ்சி. வரவிருந்த கண்டம் ஆட்டோடை போயிட்டுது. இனிப் பயமில்லை."

அன்று தைக்கக்கூடாது என்றவரும் இவர்தான். ஒரே மனுசி இரண்டு பக்கமும் சொல்கிறார், இரண்டையும் நான் நம்புகிறேன்.

பிறகு சிந்துவின் போன். "குட்டி எப்பிடி?"

"நல்லாயிருக்கு பிள்ளை. பால் குடிக்குது."

டிசம்பர் 24, செவ்வாய்

குட்டியைக் காட்டச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. "வீடியோவில் காட்டுங்கோ. துள்ளுறதைப் பாக்கவேணும்."

இவர் சைக்கிளை எடுத்துவிட்டார். நீர்வேலியில் சிநேகிதர் வீட்டில் குட்டி நிற்கிறதாம். "அதே நிறம்தான். காது மட்டும் கொஞ்சம் நீளம். போனிலை தெரியாது. நெத்தியிலை கொஞ்சம் மா பூசி விடுவம்."

"சுவெட்டருக்கு எங்கை போறது?"

"குளிர் குறைஞ்சிட்டுது, கழட்டிப்போட்டம் எண்டு சொல்லும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரவல் குட்டிக்கு மா பூசிக் காட்டினால், நாளைக்கும் காட்ட வேண்டும். நாளன்றைக்கும். அவளிடம் இருந்து ஒரு நல்ல செய்தி வரும் வரைக்கும், வராவிட்டால் அதற்குப் பிறகும். சைக்கிளைத் திருப்பி வைக்கச் சொன்னேன்.

சிந்துவுக்குப் போன் எடுத்தேன்.

"சிந்து, குட்டி செத்துப்போச்சு."

"எப்ப?"

"நேற்று. நீ கேக்கேக்குள்ளை அது இல்லை. நான் பொய் சொன்னனான்."

அழுவாள், வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் வைக்கவில்லை.

"அம்மா, நானும் ஒண்டு சொல்லேல்லை. நான் வீட்டிலை இல்லை. வெள்ளிக்கிழமையிலை இருந்து ஆஸ்பத்திரியிலை. அதுதான் முகம் காட்டாமல் கதைச்சனான். பிரஷர் நல்லாய்க் கூடிட்டுது. பிள்ளை வளர்றது காணாதாம். கெதியிலை வெளியிலை எடுக்கவேணும் எண்டு சொல்லுகினம்."

வெள்ளிக்கிழமை என்றால் முதல்முறை குட்டியை விசாரித்த அன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து.

நான் ஏசவில்லை. அவளும் ஏசவில்லை. நீண்ட நேரம் கதைத்தோம். சாப்பாடு, மருந்து, கட்டிலின் உயரம், பக்கத்துக் கட்டில் சீனப் பெண். கடைசியில், "இனி ஒண்டையும் ஒளிக்கிறேல்லை, என்ன?" என்றாள். ஓம் என்றேன். இம்முறை ஓம் என்றால் ஓம்.

டிசம்பர் 26, வியாழன்

வெயில். மண் காயத் தொடங்குகிறது. இவர் மிஞ்சிய வெங்காயத்துக்கு மண் அணைக்கிறார். போன் அவருடைய சட்டைப் பையில், என்னுடையது என் இடுப்பில்.

ராணிக்கு மடி கட்டிவிட்டது. உதைத்துத் தள்ளிய அதே ஆடு இப்போது கொட்டிலைச் சுற்றித் தேடிக் கத்துகிறது. கறந்தேன். பால் பூனைக்கு. ராணியைக் கோபிக்க நினைத்தேன், முடியவில்லை.

விடைத்தாள்கள் முடிந்தன. மிளகாய்த்தூள் எடுத்தாயிற்று.

கிணற்றடியில் மச்சாளிடம்: "எணை மச்சாள், பிள்ளையை எடுத்தால் தப்புமோ?" என்னைவிடப் படிக்காதவரிடம், என்னைவிட ஒன்றும் கூட அறியாதவரிடம் கேட்கிறேன். அவர் வாளியை இறக்கிவிட்டு, "எனக்கெப்பிடித் தெரியும் ரஞ்சி" என்றார். முதல்முறையாக ஏதோ ஒன்று தெரியாது என்று சொல்கிறார். அது என்னை எல்லாவற்றையும்விடக் கலக்கியது.

டிசம்பர் 28, சனி

எடுத்துவிட்டார்கள். பெண். ஒரு கிலோவும் இல்லை. மூச்சுக்கு மெஷின். இன்னும் ஒன்றும் சொல்ல முடியாதாம். சிந்துவுக்குப் பிரஷர் இறங்குகிறது.

மருமகன் தள்ளுகதிரையில் வைத்துச் சிந்துவைப் பிள்ளையிடம் கூட்டிப்போனார். அங்கிருந்து வீடியோவில் போன் எடுத்தாள். நான், இவர், எங்கள் இருவர் தோளுக்கும் நடுவில் மச்சாள்.

கண்ணாடிப் பெட்டி. குழாய்கள். குழாய்களுக்குள் எங்கேயோ பிள்ளை.

"உடுப்பு ஒண்டும் போடேல்லையோ?" மச்சாள்.

"தொப்பி மட்டும் போட்டிருக்கினம் மாமி. இஞ்சை ஒரு பெட்டி நிறைய இருக்கு. ஆரோ வயசுபோன ஆக்கள் வீடுகளிலை இருந்து பின்னி அனுப்புறவையாம். மாசத்துக்கு முந்திப் பிறக்கிற பிள்ளையளுக்கு" என்றாள் சிந்து.

"பிறக்க முந்தியே பின்னி வைக்கிறவையோ?"

"ஓம் மாமி."

என் தோளில் இருந்த மச்சாளின் கை இறுகியது.

போனைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னேன். வெள்ளை நூல். விளிம்பு இறுக்கம், உச்சி தளர்வு. காதுக்கு மேலே கண்ணி ஒன்று விட்டுப்போய் ஓட்டையாக இருக்கிறது. பின்னியவருக்குக் கண் தெரியாமல் இருக்கலாம், அல்லது அவசரம். எந்த ஊசி, எத்தனை கண்ணி ஏற்றியிருப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நூலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"அம்மா."

"ம்."

"தொப்பியைப் பாக்காதேங்கோ. இவளைப் பாருங்கோ."

பார்த்தேன்.