பயில்வான் சிஸ்டரின் இடுப்பு

மார்ச் 4
ஜன்னலோரக் கட்டில் தாத்தாவை இன்றைக்கும் ஒத்தை ஆளாகத் தூக்கிச் சாப்பிட உட்கார வைத்தேன். "பயில்வான் சிஸ்டர் இருக்கும்போது மெஷின் எதுக்கு?" என்று வார்டே சிரித்தது. எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். நோயாளியைத் தூக்கும் மெஷின் ஸ்டோர் ரூமில் தட்டுமுட்டுச் சாமானுக்கு நடுவில் கிடக்கிறது. கேட்டால் பெரிய சிஸ்டர், "அது வந்து சேர்றதுக்குள்ள அவருக்குப் பசியே போயிடும்" என்பார்.
இடுப்பில் சுளுக்கு மாதிரி ஒன்று. தைலம் தேய்த்தேன்.

மார்ச் 9
சுளுக்கு இல்லை.

மார்ச் 15
வலி இடது காலில் இறங்கிவிட்டது. வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. தன் முட்டி வலிக்கு ஊரையே கூட்டுகிற மனுஷன், என் வலிக்கு "வேலையை விடு" என்பார்.
"நடை ஒரு மாதிரியா இருக்கே சிஸ்டர்?" என்றாள் சுண்டெலி. புதிதாகச் சேர்ந்தவள், ஈர்க்குச்சி உடம்பு. "உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். பாவம். ஆனால் வெளியே தெரிந்தால் என்னை ரெக்கார்டு அறைக்கு மாற்றிவிடுவார்கள். வார்டு இல்லாமல் நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 22
வார்டு நடுவில் எவளோ செருப்பை விட்டுப் போயிருக்கிறாள் என்று திட்டிக்கொண்டே எடுத்தேன். என்னுடையது. எப்போது கழன்றது? காலுக்கே தெரியலையே! ஒரு நோயாளி இப்படிச் சொன்னால் டாக்டரிடம் ஓடியிருப்பேன். எனக்கென்றால் இரண்டு மாத்திரை. புத்தி எங்கே போச்சு எனக்கு?

மார்ச் 23
நாளைக்கு ஆள் குறைவு. மறுநாள் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 6
படுத்தபடி எழுதுகிறேன். ஆள் குறைவான அன்றைக்குத் தாத்தாவைத் தூக்கியபோது கால் மடங்கிவிட்டது. அவர் தலை தரையில் படக்கூடாது—அது மட்டும்தான் மண்டையில். நான் அடியில், அவர் மேலே. "அடிபட்டுச்சாம்மா?" என்று என் மேல் கிடந்தபடியே கேட்டார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.
முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகிவிட்டது. காலுக்குப் பழைய தெம்பு வரலாம், வராமலும் போகலாமாம்.

ஏப்ரல் 11
என் வார்டிலேயே கிடக்கிறேன். காலையில் கட்டிலில் சரிந்து சரிந்து கால்மாட்டுக்கு வந்துவிட்டேன். தையல் இழுத்து உயிர் போயிற்று. மணியடித்தேன். சுண்டெலி வந்தாள்.
"மெஷின் கொண்டு வரட்டா சிஸ்டர்? இல்ல இன்னொரு ஆளைக் கூப்பிடட்டா?"
"ஐயோ, அதுவரைக்கும் தாங்காதுடி. நீயே மேலே இழுத்து விடு."
அக்குளில் கை கொடுத்து ஒரே இழுப்பு. அப்பாடா, என்ன சுகம்! நிமிரப் போனவள் பாதியில் நின்றாள். இடுப்பில் கை வைத்தாள்.
"என்னடி?"
"ஒண்ணுமில்ல சிஸ்டர்." சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.
பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. சாயங்காலமும் சரிவேன். அவள்தான் ட்யூட்டி.