இரு கரைக்கும் ஓர் அங்கி

மார்ச் 14

அக்கரையில் ராஜா வேஷம் கட்டும் ஐயா அவர்களுக்கு,

முகம் தெரியாத ஒருவன் வணக்கம் சொல்கிறேன். உங்கள் மூக்குக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. பதறாதீர்கள், உடையவில்லை.

நான் ஆற்றுக்கு இக்கரையில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். வருஷா வருஷம் எங்கள் நாட்டு வெற்றி நாளன்று ஊர் மண்டபத்தில் நாடகம் நடக்கும். அதில் உங்கள் ராஜாவாக நடிப்பவன் நான்தான். இங்கே அவன் கொடியவன். கிணறுகளில் விஷம் கலப்பேன், களஞ்சியத்தைக் கொளுத்துவேன், கொளுத்திவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கு முன்வரிசைக் குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழும். வாசலில் ஒரு அம்மா அழுகின தக்காளியைக் கூடை கூடையாக விற்பாள். ஜனங்கள் வாங்கி என்மேல் எறிவார்கள். தக்காளி அதிகம் விழுந்தால் நடிப்பு நன்றாக வந்ததென்று அர்த்தம்.

பாலத்தடியில் நாடக உடை வாடகைக்கு விடுகிறாரே, அவர் கொடுத்த சிவப்பு அங்கியின் உள்பையில் கையை விட்டேன், கண்ணாடி. கடைக்காரரிடம் கேட்டால், "அக்கரை ராஜாவோடதா இருக்கும். போன மாசம் அவங்க நாடகத்துக்கும் இதே அங்கிதான் போச்சு" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தக்காளியில் குளிக்கும் அங்கியைப் போட்டுக்கொண்டு நீங்கள் மாலையா வாங்குகிறீர்கள்?

இன்னொரு சந்தேகம். அங்கியின் மார்பில் இருக்கும் சாயக்கறை எங்களுடையது. எங்கள் தளபதி உங்கள் ராஜாவை நேருக்கு நேர் நின்று மார்பில் குத்துவார். முதுகிலும் ஒரு கறை இருக்கிறதே, அது யார் வேலை?

கண்ணாடியைப் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
இக்கரைக் கொடியவன்

(மாமா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். – மருமகள்)

ஏப்ரல் 2

கொடியவன் அவர்களுக்கு,

கண்ணாடி வந்து சேர்ந்தது, கண்ணும் வந்து சேர்ந்தது. நான் தையல்காரன். கண்ணாடி இல்லாத நாட்களில் ஒருவர் சட்டையின் முதுகில் பையை வைத்துத் தைத்துவிட்டேன். அவர் அதையும் போட்டுக்கொண்டு திரிகிறார், பாவம்.

மற்றபடி உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு வயிறு எரிகிறது. கிணற்றில் விஷமா? எங்கள் ராஜா கிணறு வெட்டினவர் ஐயா! களஞ்சியத்தைத் திறந்து ஊருக்கே தானியம் அளந்தவர். முதுகுக் கறை எங்களுடையது. உங்கள் தளபதி பின்னால் பதுங்கி வந்து குத்தினான். இது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

இதை நான் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி, "கண்ணாடியைப் பஞ்சுல சுத்தி அனுப்பியிருக்காரு. அவரு கொடியவன்னா நீங்க யாரு?" என்றாள். கத்துவதை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த பிப்ரவரியில் எங்கள் நாடகம். துணிவிருந்தால் வந்து பாருங்கள், எங்கள் வீட்டிலேயே தங்கலாம். எனக்கு வயது அறுபத்து நாலு. நீங்கள் மூத்தவரா இளையவரா என்று தெரிந்தால் திட்ட வசதியாக இருக்கும்.

அக்கரை ராஜா

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

எனக்கு எழுபத்தொன்று. இனி மரியாதையாகத் திட்டு.

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உன் வீட்டுக்காரி கவனித்த கவனிப்பில் என் பெல்ட்டு ஒரு ஓட்டை தள்ளிப் போயிருக்கிறது. அவளிடம் சொல்.

இனி நாடகத்தைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். நீ கிணறு வெட்டும்போதும் தானியம் அளக்கும்போதும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான். "நடிக்கிறான் பாரு, நடத்துடா நடத்து" என்று இருந்தேன். கடைசியில், செத்துப்போன சின்ன மகன் விளையாடிய கையளவு மரக்குதிரையைப் போர்க்களத்தில் எடுத்து மடியில் வைத்தாயே, அங்கேதான் சிக்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். என் சட்டை நனைந்தது. அவள் கண்ணீரால் மட்டும் நனைந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. எங்கள் தளபதியை இப்படியா பண்ணுவது? கண்ணுக்குக் கீழே கரி, பல்லில் சிவப்பு, முதுகில் கூன்! எங்கள் ஊரில் அவன் அம்மா கொடுத்த கைக்குட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு போருக்குப் போகிற பிள்ளை. அவன் அம்மா வாசலில் நிற்கும் காட்சியில் எங்கள் பெண்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சுவார்கள். அவனைப் பார்த்து உன் ஊர்க் குழந்தைகள் வீறிட்டபோது எனக்கு எழுந்து நின்று, "ஏய், அவன் நல்லவன்!" என்று கத்த வேண்டும்போல இருந்தது. உன் வீட்டுக்காரி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

உன் வசனம் முழுக்க எனக்குப் பாடமாகிவிட்டது. பாலத்தில் சொல்லிக்கொண்டே நடந்தேன். காவல்காரர், "யாருய்யா அது, அழுதுக்கிட்டே நாடு தாண்டுறது?" என்று டார்ச்சு அடித்தார்.

உன் அண்ணன்,
கொடியவன்

(மாமா இரண்டு நாளாகச் சிரிப்பு ஒத்திகை பார்க்கவில்லை. நீங்கள் என்ன செய்து அனுப்பினீர்கள்? – மருமகள்)

மார்ச் 11

அண்ணே,

அவசரம். மரக்குதிரையைக் காணோம். எங்கள் நாடகக் கமிட்டி என்னைப் பிய்த்து எடுக்கிறது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். "அங்கிப் பையில வச்சிருப்பீங்க, வேறெங்க வைப்பீங்க?" என்கிறாள் மனைவி. அங்கி இந்நேரம் உங்களிடம் வந்திருக்கும். உள்பையைப் பாருங்கள். நாடகத்துக்கு முன்னாலேயே பாருங்கள்!

தம்பி

மார்ச் 17

தம்பி,

உன் கடிதம் நாடகத்துக்கு மறுநாள் வந்தது. குதிரை பத்திரமாக இருக்கிறது. நான்தான் பத்திரமாக இல்லை.

இங்கே தளபதியாக நடிப்பவர் சினிமாக் கொட்டகை முதலாளி. நாடகக் கமிட்டிக்கும் அவரே தலைவர். கடைசிக் காட்சியில் வழக்கம்போல மார்பில் குத்தினார். நான் வழக்கம்போல மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். கைக்கு என்னவோ தட்டுப்பட்டது. பையில் கையை விட்டேன். நாலு கால், ஒரு வால்.

அப்படியே விட்டிருக்க வேண்டும். எடுத்தேன். எடுத்ததும் வாய் தானாக உன் வசனத்தைச் சொல்கிறது: "மகனே, உன் குதிரை எங்கும் ஓடிப்போகவில்லை. அப்பாவிடம்தான் இருக்கிறது." சொல்லிவிட்டுச் செத்துப்போனேன்.

மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண் தக்காளியை ஓங்கினபடி நின்றாள். அப்புறம் அதை மெல்ல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

திரை விழுந்ததும் தலைவர் என்மேல் பாய்ந்தார். "நான் குத்தினதும் கைதட்டல் வரணும்யா! இடி மாதிரி வரும். இன்னைக்கு ஒரு ஆள் தட்டல. என் பொண்டாட்டியே என்னை முறைச்சுப் பாக்குறா, நிஜமாவே யாரையோ கொன்ன மாதிரி!"

"பையில இருந்துச்சு..." என்றேன்.

"பையில பாம்பு இருந்தா அதையும் எடுத்துக் கொஞ்சுவீரா? உமக்கு வயசாயிடுச்சு. ஜனவரியில கமிட்டி கூடும். அப்ப பேசிக்கிறோம்."

வேஷம் அவர் மாப்பிள்ளைக்குப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. தம்பி, எனக்கு வேறென்ன இருக்கிறது? வருஷம் முழுக்க அடுத்தவன் சுவருக்கு வெள்ளை. அந்த ஒரு சாயங்காலம்தான் என்னுடைய சிவப்பு.

அண்ணன்

மார்ச் 26

அண்ணே,

உங்கள் கடிதத்தை மனைவிக்குப் படித்துக்காட்டினேன். பிறகு அவள் சொன்னாள், நானும் சம்மதித்தேன்: அங்கே வேஷம் இல்லையென்றால் இங்கே வாருங்கள். என் வேஷத்தை நீங்கள் கட்டுங்கள். என் முழங்காலுக்கும் ஓய்வு. சிரிப்பை மட்டும் அக்கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

குதிரையைத் தபாலில் அனுப்ப வேண்டாம். அங்கியோடு போனது அங்கியோடே வரட்டும். கமிட்டியை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

தம்பி

ஜனவரி 11

என் அன்புத் தம்பிக்கும் உன் வீட்டுக்காரிக்கும்,

நீங்கள் விட்டுக்கொடுக்க வந்த வேஷத்தை நீயே வைத்துக்கொள். எனக்கு என்னுடையது கிடைத்துவிட்டது. இதைச் சொல்லும்போது மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கைதட்டுகிறாள். எழுதும்மா, எழுது.

நேற்றுக் கமிட்டி கூடியது. முதலில் மாப்பிள்ளையைச் சிரித்துக்காட்டச் சொன்னார்கள். நல்ல பையன், பல் வரிசை அழகு. சிரித்தான். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் அவனைச் சுற்றி நின்று, "மாமா, இன்னொரு தடவ!" என்று குதித்தார்கள். தலைவர் தலையில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தக்காளிக்கார அம்மா உள்ளே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. "இந்தச் சிரிப்புக்கு ஒரு தக்காளி போகுமா? போன வருஷம் இவரு அழுது என் வியாபாரத்தைக் கெடுத்தாரு, வாஸ்தவம். ஆனா நானே கூடையை மறந்துட்டு நின்னேன். அவரு முதல்ல சிரிக்கட்டும், என் கூடை காலியாகட்டும். அப்புறம் அழுதுட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன?"

தலைவர், "அது எதிரி ராஜாம்மா!" என்றார்.

"எதிரிதான். அதுக்காகப் புள்ள இருக்கக் கூடாதா?" இதைக் கேட்டது தக்காளிக்கார அம்மா இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்த தலைவரின் மனைவி. தலைவர் மாப்பிள்ளையைப் போய் உட்காரச் சொன்னார்.

முடிவு இதுதான்: விஷம் உண்டு, தீ உண்டு, சிரிப்பு உண்டு. அவர் குத்துவார், ஜனங்கள் தட்டுவார்கள், தட்டி முடித்த பிறகு நான் பையில் கையை விடலாம். "நல்லாத் தட்டி ஓயட்டும், அவசரப்படாதீரும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கடைக்காரர் நாளை உனக்கு அங்கியைக் கொடுத்தனுப்புகிறார். குதிரை உள்பையில் இருக்கிறது. உன் நாடகம் முடிந்ததும் அதை அங்கேயே மறந்து வைத்துவிடு. உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குதிரையோடு ஒரு கைக்குட்டையும் இருக்கும். எங்கள் தளபதி நெற்றியில் கட்டுவது. இன்று காலை ஒரு வீட்டுச் சுவரில் ஏணிமேல் நின்றிருந்தேன். தலைவர் கீழே வந்து நின்றார். ஒரு பாட்டம் சுவரைக் குறை சொன்னார். அப்புறம் பையிலிருந்து இதை எடுத்து மேலே நீட்டினார்.

"அக்கரையில என் வேஷம் கட்டுறாரே, அவர்கிட்டச் சேத்துரும். அம்மா குடுத்ததுன்னு மட்டும் சொன்னாப் போதும். மீதியை அவரே பாத்துக்குவாரு."

உன் அண்ணன்,
இக்கரைக் கொடியவன்

(கைக்குட்டையைத் துவைத்துத் தேய்த்து மடித்திருக்கிறேன். கரியில் படாமல் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். – மருமகள்)