காலண்டரிங் அறையில் காய்ந்த மக்காச்சோளம்

வேலம்பாளையம்,
12.12.1991

அன்புள்ள அங்கயற்கண்ணிக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம். லூதியானா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். வழக்கமாக எழுதுகிற வரிதான். இந்த முறை எழுதிவிட்டுக் கொஞ்சம் நின்றேன்.

தந்தி கிடைத்திருக்கும். பிள்ளைக்கு மாவு கொடுக்காதே என்று மட்டும் பார்த்துப் பயந்திருப்பாய். காரணம் இதுதான். ஐப்பசியில் இங்கே அடைமழை, வெயிலே இல்லை. சத்துமாவுக்குக் கழுவிய மக்காச்சோளத்தை உன் அம்மா எங்கள் கம்பெனி காலண்டரிங் அறையில் காயப்போட்டாள். பனியன் துணிக்கு நீராவி கொடுத்து அழுத்துகிற அறை. மழைக்காலத்தில் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் தானியம் உலர்த்துவார்கள், உனக்குத் தெரியும். தரை கதகதப்பாக இருக்கும். தொட்டால் காய்ந்த மாதிரி. ஆனால் அந்தக் கதகதப்பே நீராவி. உள் ஈரம் போகவில்லை. மூட்டையில் கிடந்து, அரைக்க எடுத்தபோது சில மணிகளில் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. துடைத்து, வறுத்து, அரைத்து உனக்குப் பார்சல் போட்டுவிட்டாள். வறுத்தால் பூசணம் செத்துவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு வேலாத்தாளும் அங்கேதான் உலர்த்தினாள். புடைத்துக் கழித்ததைக் கோழிகளுக்குப் போட்டாள். அவை தீனி எடுக்காமல் சோர்ந்து ஒவ்வொன்றாகச் செத்தன. ஒன்றைப் பல்லடத்தில் கோழிப் பண்ணைகளுக்குப் போகும் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அறுத்து ஈரலைக் காட்டினார். வெளுத்து வீங்கியிருந்தது. பூசணம் செத்தாலும் அது விட்ட விஷம் வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போகாது, ஈரலைத்தான் பிடிக்கும் என்றார். பண்ணைக்காரங்க கோழிக்கே இதைப் போட மாட்டாங்க என்றார். ஏனுங்க சாமி, நாங்க இதத்தானுங்களே களி கிண்டித் திங்கறோம் என்றாள் வேலாத்தாள். அவர் கை கழுவினார்.

உன் அம்மா ஒப்பவில்லை. எம் பேரனுக்கு விஷத்தையா அரச்சு அனுப்புனேன், கோழி வைத்தியருக்கு மனுசப் பிள்ளையப் பத்தி என்ன தெரியும் என்றாள். மிச்ச மாவைக் கரைத்து, நானே குடிச்சுக் காட்டுறேன் என்று டம்ளரைத் தூக்கினாள். வேலாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராமுத்தாயக்கா, உங்க ஈரலு முத்துனது, பேரனோடது பிஞ்சுங்க என்றாள். அதன்பிறகுதான் நான் தந்தியாபீசுக்குப் போனேன்.

பேரன் அந்த மாவை ரெண்டு வேளையும் கேட்டுச் சாப்பிடுகிறான் என்று நீ எழுதியிருந்தாய். கொஞ்சம் தின்றால் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், தொடர்ந்து தின்பதுதான் கெடுதல் என்றார் டாக்டர். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு. கண் மஞ்சளாக இருக்கிறதா, சோறு வேண்டாம் என்கிறானா, பார். மாவை மாட்டுக்கும் வைக்காதே. மண்ணில் புதை.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புதைக்கும்போது அவன் பாக்காம இருக்கணும்னு எழுதுங்க, அழுவான் என்றாள்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் இருக்க எங்கள் ஆசி. ஒன்று மறக்காதே. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாலும் எனக்கொன்று அவளுக்கொன்று என்று தனித்தனியாக எழுதாதே. வருகிற கடிதத்தை நான் அவளுக்குச் சத்தமாகத்தான் வாசிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சீனிச்சாமி