தெலுங்கு காலி

அக்கா,

விமானம் மேலே ஏறுகிறது. காது அடைத்துக்கொண்டது. கைப்பையில் பங்காருபாளையத்துத் தாண்ட்ரா இருக்கிறது, வெயிலில் காய்ந்த மாம்பழக்கூழ். ஒரு துண்டை வாயில் போட்டேன். எச்சில் ஊறியது. விழுங்கினேன். காது திறந்தது.

திறந்ததும் நீ.

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் நீராவிக் குழாய் வெடித்தது. உன் வலது கை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை. திருப்பதி ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். சில நாளில் அதன் ஓரம் கறுத்தது. தோல் பிடிக்காவிட்டால் விரல்கள் தங்காது என்றார் டாக்டர்.

வார்டு வாசலில் நைனா. கடந்து போன நர்ஸ் யாரிடமோ சொன்னாள்: "ஆ அம்மாயினி காலி பெட்டெலோ பெட்டாலி."

அந்தப் பெண்ணைக் காற்றுப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான். சந்தையில் தெலுங்கிலேயே பேரம் பேசுகிற மனிதர் நைனா. பயத்தில் அன்று காது மட்டும் தமிழாகிவிட்டது.

"பெட்டியா? ஐயோ, என் பொண்ணு காலியா?"

கட்டிலிலிருந்து உன் குரல். "இன்னாத்துக்கு நைனா அழுவுற? அது தெலுங்கு காலி. காத்து. தமிழு காலி ஆவ எனக்கு இன்னும் டைம் கீது."

வார்டே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. குளியலறைக் கதவுக்குக்கூடத் தாழ் போடாதவள் நீ. மூடிய இடம் என்றால் மூச்சு முட்டும் உனக்கு. அது எனக்கு மட்டும் தெரியும்.

தலை எண்ணெய் போகக் கழுவினார்கள். பருத்தி அங்கி. ஊக்கு, வளையல், கயிறு எதுவும் கூடாது. பிராணவாயு நிறைகிற இடம், ஒரு பொறி போதும். கண்ணாடிக் குழாய்க்குள் உன்னைப் படுக்கவைத்து மூடினார்கள். அழுத்தம் ஏற ஏற, காயத்துக்குப் பிராணவாயு கூடுதலாகப் போய்ச் சேருமாம். உனக்குக் காது வலித்தது. விழுங்கச் சொன்னார்கள். பயத்தில் உன் வாய் வறண்டிருந்தது.

மைக்கில் நீ கேட்டாய்: "ஏண்டி, பையில தாண்ட்ரா வச்சிருக்கியா?"

"இருக்குது. உள்ள தர மாட்டாங்கக்கா."

"நீ துன்னு. நல்லா தெரியறாப்ல துன்னு. எனக்கு வாய் ஊறும்."

தின்றேன். நீ விழுங்கினாய். பக்கத்தில் நின்ற டெக்னீசியன், "இது எந்த புக்ல இருக்குதும்மா?" என்றார். அதற்குப் பிறகு நீ உள்ளே போகும்போதெல்லாம் நான் வெளியே தின்றுகொண்டு நின்றேன். கறுப்பு பரவுவது நின்றது. தோல் பிடித்தது. விரல்கள் தங்கின.

அடுத்த மாங்காய்க் காலத்தில் அதே ஆலை. நீராவி வால்வை அதே கையால் திருப்பினாய். புதிய பெண்கள் தழும்பைப் பார்த்தார்கள். "நல்லா பாருங்க. திருப்பதி போயி மொட்டை போடாம வந்த கை இது" என்றாயாம். அதற்குப் பிறகும் முழுக்கைச் சட்டை நீ போட்டு நான் பார்த்ததில்லை.

போன மழையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. துக்கம் கேட்க வந்தவர் சொன்னார்: "ஒரே காய்ச்சல். ஆளு காலி."

நைனா நிமிர்ந்தார். "எந்த காலி?"

வந்தவருக்குப் புரியவில்லை.

விமானம் இன்னும் ஏறுகிறது. புது ஊர், புது வேலை. வாய் வறள்கிறது. இன்னொரு துண்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புகிறேன். கண்ணாடிக்கு வெளியே காற்று.

நன்றாகத் தெரியும்படி மெல்லுகிறேன்.